ஒளியரசி இளவரசியின் கடைசிப் படம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, பேச எழுந்து, பேச்சு வராமல் மூன்று முறை தண்ணீர் குடித்துவிட்டு, “வீரபத்திரா, நீயே பேசுப்பா” என்று மைக்கை என் பக்கம் தள்ளிவிட்ட எங்கள் சங்கத்தின் மூத்தவர் ஐயா நமச்சிவாயம் அவர்களே! முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் அருமைத் தம்பி, இளவரசியின் கணவர் கதிர்வேல் அவர்களே! லடாக்கிலிருந்து மூன்று நாள் பயணம் செய்து வந்து, கதிர்வேலின் அரைக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நம் சித்திரை வெயிலில் ஆறாக வியர்த்துக்கொண்டிருக்கும் ரிக்ஸின் அவர்களே! கேமராவைத் தோளில் சுமந்து பிழைக்கும் என் தோழர்களே, தாய்மார்களே, பட்டுக்கடை நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் காஞ்சிபுரம் வட்டார ஒளிப்பட, வீடியோ கலைஞர் சங்கத்தின் செயலாளர் வீரபத்திரனின் வணக்கம்.

லடாக் மலைகளில் இளவரசிக்கு வழிகாட்டியாக இருந்த ரிக்ஸின் ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் பக்கத்தில் கதிர்வேலின் தங்கை மகள் பிரியதர்ஷினி உட்கார்ந்து இந்தியில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அழுதால் அதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கையில் ஒரு நோட்டீஸ் இருக்கிறது. ‘ஒளியரசி இளவரசி அவர்களின் திருவுருவப் படத்திறப்பும், அவர் எடுத்த ஒப்பற்ற கடைசிப் படத்தின் திறப்பும்’ என்று அதில் போட்டிருக்கிறது. போட்டவன் நான். அந்தக் கடைசிப் படத்தைப் பார்க்கத்தான் சென்னையிலிருந்துகூடப் பலர் வந்திருக்கிறீர்கள். அதை இந்த மேடையில் திறப்பதா, வேண்டாமா? இரண்டு நாளாக என்னைத் தின்றுகொண்டிருக்கும் கேள்வி அதுதான். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், யாருக்காக நாம் கூடியிருக்கிறோம் என்பதைச் சொல்ல எனக்கு உரிமை வேண்டும்.

‘ஒளியரசி’ என்ற பட்டத்தை இளவரசிக்குக் கொடுத்தது நம் சங்கம். பட்டத்தை வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கியவர் என் காதருகே வந்து என்ன சொன்னார் தெரியுமா? “இன்னாணா இது, ஒரே பேர்ல ரெண்டு அரசி? சாப்பாட்டுக்கு இன்னா பண்ணுவாங்க?” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டத்தோடு அவர் நிற்க, பின்னால் சங்கச் செயலாளர் நான் சிரிக்கும் படம் இன்றும் நம் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. எதற்குச் சிரிக்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை, இன்று நானே சொல்லிவிட்டேன்.

இளவரசி வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் கதிர்வேலைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர். பட்டுக்கடைகளுக்குச் சேலைப் படம் எடுப்பதுதான் அவர் தொழில். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், எல்லா நிறத்தையும் பிடித்துவிடலாம், வெள்ளையைப் பிடிக்க முடியாது. பால் வெள்ளைப் பட்டைக் கேமரா சாம்பல் நிறமாகக் காட்டும். வெளிச்சத்தைக் கூட்டினால் நெசவு மறைந்துபோகும். ஒரு கடைக்காரர், “இன்னாமா, கல்யாணப் பொடவைய வேட்டி மாதிரி எடுத்துக்கினு வந்திருக்கற?” என்று கேட்டுவிட்டார். வேறு யாராக இருந்தாலும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் மறந்திருப்பார்கள். இவர் என்ன செய்தார்? “வெள்ளை மட்டுமே இருக்கற ஊர்ல போய்க் கத்துக்கினு வரேன்” என்று கிளம்பினார்! பதிமூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், ஒரு வாரம் என்று சொல்லிவிட்டு லடாக்குக்குப் போனார். பதினான்கு குளிர்காலம் போனார்.

தை மாதம்! தோழர்களே, தை மாதம் நமக்கு என்ன மாதம்? முகூர்த்த மாதம். ஒரே நாளில் மூன்று கல்யாணம் ஓடுகிற மாதம். அந்த மாதத்தை விட்டுவிட்டுப் போன ஒரே படக்கலைஞர் இந்த மாவட்டத்தில் இவர்தான். அவருக்கு வந்த கல்யாணங்களை யாருக்குக் கொடுத்தார்? எனக்கு. அவர் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரியில் பாறை மறைவில் குப்புறப் படுத்துக் கிடந்தார். நான் இங்கே அவருடைய கல்யாணங்களில் வடை பாயசத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் தொப்பையில் பாதி இளவரசி போட்ட பிச்சை.

முதல் பயணத்தில் அறுநூறு படம் எடுத்து வந்தார். அறுநூறும் சாம்பல். பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது பனி. என் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “கேமராவ நம்பக் கூடாதுணா, கண்ணதான் நம்பணும்” என்றார். அடுத்த ஆண்டு எடுத்து வந்த பனியைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே குளிர்ந்தது. வெள்ளைக்குள் எத்தனை வெள்ளை! காலையில் ஒன்று, மேகம் வந்தால் ஒன்று, ஆடுகள் நடந்து போன தடத்தில் ஒன்று. அதற்குப் பிறகு இந்த ஊரில் வெள்ளைப் பட்டை இளவரசி மாதிரி எடுத்தவர் உண்டா? கடைக்காரர்கள் இருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

குளிரில் பேட்டரி செத்துப்போகும். உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். இதைக் கேட்ட கதிர்வேல் என்ன செய்தார் தெரியுமா? தறியில் மிஞ்சிய பட்டு நூலை எல்லாம் சேர்த்து, கெட்டியாக ஒரு இடுப்புக் கச்சை நெய்து, அதில் ஆறு பை வைத்துக் கொடுத்தார். பைக்கு ஒரு பேட்டரி. உலகத்தில் எந்தப் படக்கலைஞரும் அரக்கு நிறப் பட்டில் பேட்டரி கட்டிக்கொண்டு பனியில் நின்றிருக்க மாட்டார். கூட வரச் சொல்லி மனைவி ஒவ்வொரு ஆண்டும் கூப்பிட்டார். “எனக்கு மார்கழிப் பனியே தாங்கல, நீ போய்ட்டு வா” என்று இவரும் ஒவ்வொரு ஆண்டும் சொன்னார். இடுப்பில் மட்டும் பதினான்கு ஆண்டும் கூடவே போய்வந்தார்.

பனிச்சிறுத்தையை எடுத்திருக்கிறார், ஓநாயை எடுத்திருக்கிறார். ஆனால் அவர் மனம் போய் ஒட்டிக்கொண்டது ஒரு பூனையிடம். பல்லாஸ் பூனை என்பார்கள். நம் வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும், ரோமம் மட்டும் கம்பளி மூட்டை. முகம் எப்போதும் பந்தியில் கவனிக்கப்படாத சம்பந்தி மாதிரி இருக்கும். ஆளைக் கண்டால் ஓடாது, கல்லோடு கல்லாக அமுங்கிக்கொள்ளும். ரிக்ஸின் ஐயாவின் ஊருக்கு மேலே ஒரு பாறை இடுக்கில் அப்படி ஒன்று குளிர்காலத்தைக் கழித்துவந்தது. இடது காது நுனியில் ஒரு கிழிசல். ஒருநாள் முழுக்கக் காத்திருந்து, நான்கு படம் எடுத்துக்கொண்டு, வந்த தடம் தெரியாமல் திரும்பிவிடுவார். அந்தப் படங்களில் ஒன்றைச் சங்கத்தின் காலண்டருக்கு என்று என்னிடம் கொடுத்தார். கீழே போட வேண்டியதையும் அவரே எழுதிக் கொடுத்தார். ‘லடாக், குளிர்காலம்.’ அவ்வளவுதான்.

இனி நான் சொல்லப்போவது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதிப் பேர் என் முதுகுக்குப் பின்னால் பேசியிருக்கிறீர்கள். இன்று என் வாயால் கேளுங்கள்.

நம் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு படத்தை வெளியே விட்டால் அதன் கீழே மண்டபம் பெயர், தெரு, ஊர், தேதி, ஸ்டுடியோ பெயர், செல் நம்பர் எல்லாம் இருக்க வேண்டும். இடம் போடாத படம் எனக்குப் பொட்டில்லாத நெற்றியாகத்தான் தெரியும், நாற்பது ஆண்டுப் பழக்கம். ‘லடாக், குளிர்காலம்’ என்பதைப் பார்த்தேன். இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த பெண்ணுக்கு இவ்வளவுதானா மரியாதை? கேமரா படத்துக்குள்ளேயே இடத்தைக் குறித்து வைத்திருக்கும், உங்களுக்குத் தெரியும். அதைத் திறந்து, வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். ஊர் பெயர், ஓடை பெயர், பாலத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், எல்லாவற்றையும் தங்க எழுத்தில் தை மாதத் தாளின் கீழே அச்சடித்தேன். இளவரசி அந்த ஆண்டு மார்கழியிலேயே கிளம்பிப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் பூரித்துப்போவார் என்று நினைத்தேன். மூவாயிரம் காலண்டர்! யாரோ ஒரு புண்ணியவான் அந்தத் தாளைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை ரிக்ஸின் ஐயா சொல்லித்தான் நான் அறிந்தேன். முதலில் ஒரு வண்டி வந்தது. இரண்டு வாரத்தில் ஒரே நாளில் பதினொரு வண்டி வந்து அந்தப் பாறையைச் சுற்றி நின்றது. அதில் ஒரு வண்டியிலிருந்து நம்மூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் இறங்கி, இளவரசியை அடையாளம் கண்டு, தன் செல்போனில் நம் காலண்டரைக் காட்டியிருக்கிறார். “மேடம், இது நீங்கதானே? உங்க படத்தப் பாத்துதான் வந்தோம். ரொம்ப தேங்க்ஸ் மேடம்!” இளவரசி பாறைக்கும் வண்டிகளுக்கும் நடுவில் போய்ப் பனியில் உட்கார்ந்துகொண்டாராம். மாலை வரைக்கும் எழுந்திருக்கவில்லையாம். மறுநாள் காலையில் பூனை இல்லை. அந்தக் குளிரில் இருந்த இடத்தை விட்டுப் போன பூனைக்கு வேறு இடம் கிடைக்க வேண்டும், வயிற்றுக்குக் கிடைக்க வேண்டும். கிடைத்ததா, செத்ததா, யாருக்கும் தெரியாது.

மாசியில் ஊர் திரும்பியவர் நேராக என் ஸ்டுடியோவுக்கு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, “எனக்குப் பெரும சேக்கணும்னுதான பண்ணீங்க?” என்று கேட்டார். “ஆமாம்மா” என்றேன். “தெரியும்ணா” என்றார். எழுந்து போய்விட்டார்.

அடுத்த காலண்டருக்குப் படம் கேட்கும் கூட்டம் வந்தது. அவர் வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். ஒரு படத்தை என் முன்னால் வைத்தார். அதே பாறை, அதே இடுக்கு, உள்ளே ஒன்றுமில்லை. “இதுக்கு அட்ரஸ் போடுங்கணா. கிலோமீட்டர் வரிக்கும் போடுங்க. இப்போ அங்க யாரும் இல்ல” என்றார்.

நான் போட்டேன். தை மாதத் தாளில் வெறும் பாறை. காலண்டருக்கு உதவிய கடைக்காரர், “இன்னாபா, கல்லு படம் போட்டிருக்கீங்க?” என்று கேட்டார். இளைய உறுப்பினர்கள் எனக்குப் ‘பூனை வெரட்டி’ என்று பெயர் வைத்தீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். மூன்று ஆண்டாக நான் மண்டபத்துக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர் மெல்ல மியாவ் என்று குரல் கொடுப்பதும் என் காதில் விழுகிறது. கோபப்படவில்லை. எப்படிக் கோபப்படுவது?

அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் இளவரசி அந்தப் பூனையைத் தேடினார். மற்றப் படங்கள் குறைந்துபோயின. மூன்றாவது குளிர்காலம், அதாவது இந்தத் தை மாதம், வயிற்றில் நோய் இருப்பது தெரிந்தே போனார். கதிர்வேலுக்கு மட்டும் சொல்லியிருந்தார். “போவாதன்னு சொல்ல வாய் வந்துச்சிணா. சொன்னா நின்னுடுவாளோன்னு பயந்துக்கினு சொல்லல” என்று கதிர்வேல் என்னிடம் சொன்னார். இப்படி ஒரு கணவன்! ஊரே, இந்த மனிதனை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் மருத்துவமனைக்குப் பார்க்கப் போனேன். எலும்பும் தோலுமாக இருந்தார். தலையணைக்குக் கீழேயிருந்து கேமராவை எடுத்து என்னிடம் நீட்டினார். சின்னத் திரையில் ஒரு படம். தோழர்களே, நாற்பது ஆண்டாக நானும் படம் எடுக்கிறேன், அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. முக்கால் பங்கு பனி. அப்போதுதான் விடிந்திருக்கிறது. மேலே ஒரு மலை முகடு, அதன் ஒரு பக்கம் மட்டும் வெயில். “பிரமாதம்மா, ஆனா இதுல உசுரே இல்லையே?” என்றேன். “பெருசு பண்ணிப் பாருங்கணா” என்றார். பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். பனிக்கு நடுவில் ஒரு சின்னப் புள்ளி. அது என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தது. இடது காதில் கிழிசல்!

“பொழைச்சிக்கிச்சிணா” என்றார் இளவரசி. “நீங்க இனிமே நிம்மதியா இருங்க.”

சாகக் கிடக்கிறவர் எனக்கு ஆறுதல் சொன்னார், ஐயா! நான் அந்த வார்டிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நர்ஸம்மா ஓடிவந்து, “பேஷண்டே அழுவல, நீங்க இன்னா சார் ஊரக் கூட்டறீங்க?” என்று திட்டினார். பூனை தொலைவில் இருக்கும்போதே இளவரசி ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுப் பின்வாங்கிவிட்டாராம். இரண்டாவது படத்துக்கு அடுத்த அடி வைக்கவில்லையாம். அந்தப் படத்தை என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மொத்தப் படங்களையும் வைத்திருந்த பெட்டியை என்னிடம் கொடுத்து, “பாத்துக்குங்கணா” என்றார். எட்டாம் நாள் போய்விட்டார்.

நான் என்ன செய்தேன்? மறுபடியும் என் புத்தி வேலை செய்தது! ஆறடிக்கு நாலடியில் அந்தப் படத்தை அச்சுப் போட்டேன். நோட்டீஸ் அடித்தேன். இந்த முறை இடம் போடவில்லை, கேமரா குறித்து வைத்ததையும் முதல் வேலையாக அழித்துவிட்டேன், நான் திருந்திவிட்டேன் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். இளவரசியின் புகழுக்காகச் செய்தேன் என்று சொன்னால் அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி எனக்காக. இந்த மேடையில் அந்தக் கிழிந்த காதைக் காட்டி, “பாருங்கள், நான் கொல்லவில்லை!” என்று உங்கள் எல்லோரிடமும் சொல்ல எனக்கு ஆசை. மூன்று ஆண்டு ஆசை.

நேற்று முன்தினம் ரிக்ஸின் ஐயா வந்து சேர்ந்தார். பெருமையாக அழைத்துப் போய் அச்சுப் போட்ட படத்தின் முன்னால் நிறுத்தினேன். பூனையை அவர் பார்க்கவே இல்லை. முகட்டைப் பார்த்தார். இரண்டு நொடி இருக்கும். அந்த மலையின் பெயரைச் சொன்னார். பிரியதர்ஷினி கேட்டாள், “உங்க ஊர் மலை, உங்களுக்குத் தெரியும். வெளியாளுக்கு எப்டித் தெரியும்?” அவர் சிரித்தார். எங்கள் பக்கத்து ஜீப் ஓட்டும் பையன் எவனிடம் காட்டினாலும் நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்துவான் என்றார்.

முகட்டை வெட்டிவிடலாமே என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. நானும் நினைத்தேன். வெட்டினால் மிஞ்சுவது ஒரு கறுப்புப் புள்ளி. மங்கலாக்கலாமே? வேறு மலையை ஒட்டலாமே? சேலையில் இல்லாத நிறத்தைப் படத்தில் ஒருநாளும் ஏற்றாத பெண்ணின் கடைசிப் படத்தில் நான் கைவைப்பதா?

நேற்றுக் காலை கதிர்வேலிடம் போனேன். இந்தப் படம் வெளியே போனால் உலகம் முழுக்க உன் மனைவியின் பெயரைச் சொல்லும், வெளியே போகாவிட்டால் காஞ்சிபுரத்தோடு நின்றுவிடும், நீதான் சொல்ல வேண்டும் என்றேன். தறியை விட்டு எழுந்திருக்காமலே பதில் சொன்னார். “அவ அங்க ரெண்டாவது படம் எடுக்காம திரும்பி வந்தாணா. நாம எதுக்கு முன்னாடி போவணும்?”

ஆகவே பெரியோர்களே, அந்தப் படம் இன்று திறக்கப்படாது. நாளைக்கும் திறக்கப்படாது. நோட்டீஸை நம்பி வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். படம் கதிர்வேலின் வீட்டு உள்ளறைக்குப் போய்விட்டது. தயவுசெய்து பார்க்கிறேன் என்று கிளம்பிப் போகாதீர்கள். பூனை பிழைத்திருக்கிறது என்பதற்கு நான் உங்களுக்குக் காட்டச் சாட்சி எதுவும் இல்லை, என் வார்த்தை மட்டும்தான். நம்பாதவர்கள் தாராளமாகத் தொடர்ந்து மியாவ் சொல்லலாம். என் பெயர் கெட்டபடியே கிடக்கட்டும், அந்த ஜீவன் நல்லபடியாக இருக்கட்டும்.

ஆனால் அழுதுவிட்டுக் கலைவதற்கா கூடினோம்? இல்லை! இளவரசி விட்டுப்போன படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ரிக்ஸின் ஐயா இன்னும் பத்து நாள் நம்மோடு இருக்கிறார். நானும் அவரும் ஒவ்வொரு படமாகப் பார்த்து, எந்த முகடும் எந்த ஓடையும் எந்த உயிரையும் காட்டிக்கொடுக்காத படங்களை மட்டும் எடுத்து, இதே மண்டபத்தில் கண்காட்சி வைப்போம். அவற்றின் கீழே ‘குளிர்காலம்’ என்ற ஒரு சொல் மட்டும் இருக்கும். காட்டில், மலையில், ஏரியில், நம் பாலாற்றங்கரையில் ஒரு பறவைக் கூட்டையே எடுத்தாலும் சரி, இனி நம் சங்கத்தின் பெயரில் வரும் எந்தப் படத்திலும் அந்த உயிர் தங்கும் இடத்தைப் போட மாட்டோம். இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். ஒப்புக்கொள்கிறவர்கள் கைதட்ட வேண்டாம், எழுந்து நில்லுங்கள்.

நன்றி. எல்லோரும் நிற்கிறீர்கள். மியாவ் சொன்னவர்களும் நிற்கிறீர்கள், நான் பார்த்துக்கொண்டேன்.

இப்போது, மலை மேலே இருக்கும் ஊர்க்காரர் என்பதால் இளவரசி ‘மேலூர் அண்ணன்’ என்று கூப்பிட்ட ரிக்ஸின் அவர்கள், நம் ஒளியரசியின் திருவுருவப் படத்தைத் திறந்து வைப்பார். படத்தில் இளவரசி கம்பளித் தொப்பி போட்டு, இடுப்பில் பட்டுக் கச்சையோடு, எதற்கோ என்னைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறார். நான்தான் எடுத்தேன், என் ஸ்டுடியோவில், நீலத் துணிக்கு முன்னால். பின்னால் மலை எதுவும் தெரியாது. இரண்டு தடவை பார்த்துவிட்டேன், இளவரசி.